ஏழு பேர் வீட்டுக்குக் கார்: கடைசி சீட்டிலிருந்து பார்க்கத் தொடங்குங்கள்

மூன்று பிள்ளைகள், அப்பா, அம்மா, கூடவே தாத்தா, பாட்டி. இப்படி ஒரு வீட்டிலிருந்து கார் வாங்கப் போனால் ஷோரூமில் முதலில் காட்டுவது டச் ஸ்கிரீனும் சன்ரூஃபும்தான். வண்டி வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் கழித்துத்தான் மற்றதெல்லாம் தெரியவரும். பாட்டியை இறக்கிவிடாமல் பிள்ளை பின்சீட்டுக்குப் போக முடியாது. ஏழு பேரும் ஏறிவிட்டால் டிக்கியில் ஒரு பெரிய சூட்கேஸ்கூட நிற்காது. கடைசி வரிசைக்கு ஏசி காற்று எட்டாது. ஒரு டேப்பும் ஒரு மணி நேரமும் இருந்தால் இவை எல்லாவற்றையும் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கண்டுபிடித்துவிடலாம். தமிழ்நாட்டில் முதல்முறையாக ஏழு சீட் வண்டி வாங்குகிறவர்களுக்காக, செய்ய வேண்டியவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதியிருக்கிறோம்.

1. யார் எங்கே உட்காருவார்கள் என்று வரைந்து பாருங்கள்

மாடலையும் விலையையும் அப்புறம் பார்க்கலாம். முதலில் ஒரு தாளில் மூன்று வரிசை போட்டு ஒவ்வொருவர் பெயரையும் எழுதுங்கள். பிள்ளைகளின் வயது, எடை, உயரம் மூன்றும் பக்கத்தில் இருக்கட்டும்.

13 கிலோவுக்குள் இருக்கும் கைக்குழந்தைக்குப் பின்பக்கம் பார்த்து உட்காரும் குழந்தை சீட் வேண்டும். ஏர்பேக் உள்ள முன்சீட்டில் அதை ஒருபோதும் வைக்கக் கூடாது. ஏர்பேக் வெடித்தால் நேராகக் குழந்தையின் தலைப்பக்கத்தைத்தான் அடிக்கும். ஏறத்தாழ 18 கிலோ வரை பெல்ட் வைத்த குழந்தை சீட், அதன் பிறகு பிள்ளையை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர். பிள்ளை 150 செ.மீ. உயரத்தை நெருங்கும்வரை பூஸ்டர் தேவைப்படும். கார் பெல்ட் கழுத்தில் உரசாமல் தோளிலும், வயிற்றில் ஏறாமல் இடுப்பெலும்பிலும் படிய வேண்டும் என்பதுதான் கணக்கு. 14 வயதுக்குட்பட்ட பிள்ளை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் போனால் மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம் உண்டு. மடியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பே இல்லை. 50 கி.மீ. வேகத்தில் மோதினால் பத்துக் கிலோ குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது.

அடுத்து வருவதுதான் பலர் கவனிக்காமல் விடும் இடம். குழந்தை சீட்டைக் காரோடு பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பெரும்பாலும் நடு வரிசையின் இரண்டு ஓரங்களில் மட்டுமே இருக்கும். குழந்தை சீட்டை அதில் மாட்டியதும் அந்தப் பக்கத்து சீட்டை மடக்க முடியாது. அதை மடக்கித்தானே கடைசி வரிசைக்குப் போக வேண்டும்? அதனால் குழந்தை சீட்டை டிரைவருக்குப் பின்னால், வலது ஓரத்தில் மாட்டுங்கள். இடது ஓரம் மடங்கும் சீட்டாக இருக்கட்டும். நம் ஊரில் நடைபாதை இடது பக்கம் என்பதால் பிள்ளைகள் அந்தப் பக்கமாக ஏறி இறங்குவதே நல்லது. முதலில் பெரிய பிள்ளைகள் பின்னால் ஏறி, சீட்டை நிமிர்த்தியபின் பாட்டி உட்கார வேண்டும்.

குழந்தை சீட்டே இரண்டு தேவைப்படும் வீட்டில் இது நடக்காது. இரண்டு ஓரமும் அடைபட்டுவிடும். அப்போது நடு வரிசையில் தனித்தனி கேப்டன் சீட் உள்ள வண்டிதான் வழி. நடுவிலுள்ள சந்து வழியாகப் பிள்ளை நடந்து பின்னால் போய்விடலாம்.

"ஏழு சீட்" என்ற ஒரே பெயரில் இரண்டு விதமான அமைப்பு விற்கிறது என்பதையும் மனதில் வையுங்கள். மாருதி எர்டிகா, கியா கேரன்ஸ் போன்றவற்றின் ஏழு சீட் வண்டியில் முன்னால் 2, நடுவில் 3, பின்னால் 2. டொயோட்டாவின் இன்னோவா கிரிஸ்டாவிலும் இன்னோவா ஹைகிராஸிலும் ஏழு சீட் என்றால் 2, 2, 3. அதாவது நடுவில் கேப்டன் சீட், பின்னால் மூவர். நடுவில் நீள சீட் வேண்டுமென்றால் இவற்றில் எட்டு சீட் மாடலைக் கேட்க வேண்டும். மாருதி எக்ஸ்.எல்.6 நடுவில் கேப்டன் சீட் போட்ட ஆறு பேர் வண்டி. நீங்கள் வரைந்த தாளோடு பொருந்துவது எது என்று பார்த்தாலே பட்டியலில் பாதி கழிந்துவிடும்.

2. குடும்பத்தோடு போய், டேப் வைத்து அளங்கள்

வார நாளில் காலையில் போனால் ஷோரூமில் நெரிசல் இருக்காது, நிதானமாகப் பார்க்க விடுவார்கள். ஏழு பேரும் போங்கள். குழந்தை சீட் வீட்டில் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். காட்சிக்கு வைத்திருக்கும் காரில் மாட்டிப் பார்ப்பதற்கு யாரும் மறுக்க மாட்டார்கள், மறுத்தால் அடுத்த ஷோரூம் இருக்கிறது.

முன்சீட்டை ஓட்டுபவர் தம் வசதிக்குத் தள்ளிக்கொள்ளட்டும். அதற்குப் பின்னால் நடு சீட்டில் பெரியவர் ஒருவர் முட்டி இடிக்காமல் உட்காரட்டும். அதன் பிறகு மிஞ்சும் இடம்தான் கடைசி வரிசைக்கான இடம். நடு சீட்டை முழுக்க முன்னால் தள்ளிவிட்டு "பின்னால் எவ்வளவு இடம் பாருங்கள் சார்" என்று காட்டினால் ஏமாந்துவிடாதீர்கள்.

கடைசி வரிசையில் உட்கார்ந்தபின் பார்க்க வேண்டியவை: தலைக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவே குறைந்தது ஒரு சாண் இடைவெளி இருக்கிறதா? ஹெட்ரெஸ்ட் மேலே இழுத்தால் பிள்ளையின் தலை உயரத்துக்கு வருகிறதா? பெல்ட் மூன்று முனை பெல்ட்டா, அதன் பக்கிளைப் பிள்ளையே போட்டுக் கழற்ற முடிகிறதா? தரையிலிருந்து சீட் எவ்வளவு உயரம்? சீட் தாழ்வாக இருந்தால் முட்டி நெஞ்சை நோக்கி ஏறிவிடும், தொடை சீட்டில் படியாது. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது பொருட்டில்லை. பெரியவர் அரை மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

ஒரு சாண் இடைவெளியை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், காரை மோதவைத்துப் பார்த்துப் பாதுகாப்புக்கு ஸ்டார் கொடுக்கும், இந்தியாவில் 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் சோதனையில் முன்பக்க மோதல், பக்கவாட்டு மோதல், கம்பத்தில் பக்கவாட்டாக மோதுவது ஆகியவைதான் நடத்தப்படுகின்றன. பின்னால் லாரி வந்து இடிப்பது அதில் இல்லை. குழந்தை பொம்மைகளை வைத்துப் பார்ப்பதும் நடு வரிசையில்தான். எனவே ஐந்து ஸ்டார் என்பது உங்கள் பிள்ளை உட்காரும் கடைசி சீட்டுக்கும் சேர்த்துக் கொடுத்த மதிப்பெண் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்டாரைப் பாருங்கள், பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தனித்தனியாகக் கொடுப்பார்கள், இரண்டையும் பாருங்கள். கடைசி வரிசையை மட்டும் நீங்களே அளந்து முடிவு செய்யுங்கள்.

நடு வரிசையின் நடு சீட்டையும் விடாதீர்கள். குழந்தை சீட் ஒன்று கிட்டத்தட்ட 44 செ.மீ. அகலத்தை எடுத்துக்கொள்ளும். அதற்கும் பாட்டிக்கும் இடையில் அம்மா உட்கார முடிகிறதா, அவருடைய பெல்ட் பக்கிள் குழந்தை சீட்டுக்கு அடியில் மாட்டிக்கொள்கிறதா என்று உட்கார்ந்தே பார்த்துவிட வேண்டும். பாட்டி ஏறும் படியின் உயரமும் அப்படித்தான். சட்டகத்தின் மேல் பாடி உட்கார்ந்திருக்கும் கிரிஸ்டா போன்ற வண்டிகளில் கால் தூக்கி ஏற வேண்டும். எர்டிகா தாழ்வு என்பதால் முட்டிவலிக்காரர்கள் சட்டென்று உட்கார்ந்துவிடுவார்கள்.

அடுத்து டிக்கி. மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது ரெனோவின் சின்ன ஏழு சீட் வண்டியான டிரைபரில் 84 லிட்டர், எர்டிகாவில் 209, கேரன்ஸில் 216, கிரிஸ்டாவிலும் ஹைகிராஸிலும் 300. 84 லிட்டர் என்றால் மூன்று பள்ளிப் பைகள். 209 லிட்டரில் சின்ன டிராலி சூட்கேஸ் இரண்டும் ஒரு கட்டைப் பையும் போகும். ஏழு பேர் மூன்று நாள் ஊருக்குப் போகும் துணிமணி அதில் அடங்காது, மேலே கேரியர் வைக்க வேண்டிவரும். கேரியரில் எவ்வளவு எடை ஏற்றலாம் என்று வண்டியின் கையேட்டில் போட்டிருப்பார்கள். அதைத் தாண்டினால் வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாயும்.

எங்கள் கணிப்பு இது. தினமும் ஐந்து பேர், மாதம் ஒருமுறை ஏழு பேர், சந்துக்குள் வீடு என்றால் டிரைபர் போதும், கடைசி சீட்டுகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடலாம். வாரம் ஒருமுறையாவது ஏழு பேர் ஊருக்குள் போவதென்றால் எர்டிகா அல்லது கேரன்ஸ். ஏழு பேர், முழு லக்கேஜ், அடிக்கடி நெடும்பயணம் என்றால் பழையதானாலும் இன்னோவா வகை. கையில் உள்ள பணத்துக்காக ஒரு அளவு சின்ன வண்டியைப் புதிதாக வாங்குவதைவிட, அளவு சரியான வண்டியைப் பழையதாக வாங்குவதே இப்படிப்பட்ட குடும்பத்துக்கு நல்லது.

3. தெருவும் கேட்டும்

டிரைபர் ஏறத்தாழ 4 மீட்டர் நீளம், எர்டிகா 4.4, கேரன்ஸ் 4.5, கிரிஸ்டா 4.7, ஹைகிராஸ் 4.8. கார் நிற்கும் இடத்தின் நீளத்தோடு டிக்கி திறக்க முக்கால் மீட்டராவது சேர்த்துக்கொள்ளுங்கள். அகலத்தில் கண்ணாடி முதல் கண்ணாடி வரை அளக்க வேண்டும். நிறுவனம் கொடுக்கும் அகலத்தில் கண்ணாடிகள் சேர்ந்திருக்காது. குழந்தை சீட்டோடு பிள்ளையை இறக்க ஒரு பக்கக் கதவாவது முழுசாகத் திறக்க வேண்டும்.

4. எரிபொருள்

மாதம் 1,000 கி.மீ.க்குள் ஓட்டுகிறவர்களுக்கு பெட்ரோலே போதும். பி.எஸ்.6 என்ற புதிய மாசுக் கட்டுப்பாட்டு விதியின்படி வந்த டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி இருக்கிறது. நெடுஞ்சாலையில் சீராக 15, 20 நிமிடம் ஓடினால்தான் அந்தக் கரி எரிந்து சுத்தமாகும். பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று இரண்டிரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியில் வடிகட்டி அடைத்து, விளக்கு எரிந்து, கடைசியில் ஒர்க்‌ஷாப் செலவில் முடியும்.

சி.என்.ஜி. எனப்படும் எரிவாயுவில் ஓட்டினால் செலவு குறைவுதான். ஆனால் எர்டிகா சி.என்.ஜி.யில் சிலிண்டர் இருப்பது டிக்கியில். ஏழு பேரும் ஏறினால் லக்கேஜ் வைக்க இடமே இல்லை. பழைய சி.என்.ஜி. வண்டி என்றால் சிலிண்டருக்கு மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்யும் ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தச் சோதனை) சான்றிதழைக் கேளுங்கள்.

மலை ஏறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிரைபரின் 999 சி.சி. என்ஜின் 72 பி.எஸ். சக்தி கொண்டது. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலையில் ஏழு பேரும் ஏசியும் என்றால் முதல் கியரிலேயே பொறுமையாக ஏற வேண்டியிருக்கும்.

5. ஆன்ரோடு விலையை நீங்களே கணக்குப் போடுங்கள்

தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து சொந்தக் காருக்கான ஆயுள் வரி விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. 9.9 லட்சம் ரூபாய் வண்டிக்கு வரி ஏறக்குறைய 1.29 லட்சம். 12 லட்சம் வண்டிக்கு 2.16 லட்சம். 10 லட்சத்தை ஒட்டி இருக்கும் வேரியன்ட்டில் ஒரு அலங்காரத்துக்காக அடுத்த படிக்கு ஏறினால் வரியிலும் அடி விழும். ஜி.எஸ்.டி.யிலும் 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்குள் உள்ள சின்ன என்ஜின் கார்களுக்கு 18 சதவீதம், மற்ற பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40. டிரைபர் முதல் வகையிலும் எர்டிகா இரண்டாம் வகையிலும் வருகின்றன. ஷோரூம் கொடுக்கும் கொட்டேஷனில் இன்சூரன்ஸ், ஆக்சசரி, ஹேண்ட்லிங் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். இன்சூரன்ஸை வெளியில் எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை உண்டு.

6. பழைய வண்டி வாங்குவதாக இருந்தால்

ஏழு சீட் வண்டிகளில் முதல் கேள்வி: சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டா, வாடகைக்கான டி போர்டா? டாக்சியாக ஓடி, பின்னர் வெள்ளை போர்டுக்கு மாற்றிய இன்னோவாவும் எர்டிகாவும் சந்தையில் நிறைய. மீட்டரைக் குறைத்திருப்பார்கள். ஆனால் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கும், ஸ்டியரிங் பளபளக்கும், டிரைவர் சீட்டின் வலது ஓரம் அமுங்கியிருக்கும். பழைய இன்சூரன்ஸ் பாலிசி எல்லாவற்றையும் கேட்டு வாங்கிப் பாருங்கள், பயணிகள் வாகனம் என்று போட்டிருந்தால் அது வாடகைக்கு ஓடிய வண்டி. 80 கி.மீ.க்கு மேல் போகவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவியின் ஒயர் துண்டு பெடலுக்கு அருகே மிச்சமிருந்தாலும் அதே அர்த்தம்தான். வண்டி எண்ணைக் கொடுத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய ஜாப் கார்டுகளைக் கேட்டால், எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்று வரிசையாகத் தெரியும். எட்டு வருட இன்னோவா 45,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது என்றால் அந்த வரிசையைப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

இரண்டாவது கேள்வி தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் இரண்டிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கமும் வெள்ளம். கடைசி வரிசையின் சீட் பெல்ட்டை அடிவரை முழுசாக இழுங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியில் பெல்ட்டின் உள்பகுதியில் சேறு படிந்த கோடு இருக்கும். கழுவுகிறவர்கள் வெளியே தெரியும் பெல்ட்டைத்தான் கழுவுவார்கள். சீட்டின் அடிப்பக்க போல்ட்டில் துரு, கார்ப்பெட்டைத் தூக்கினால் ஈர வாடை, ஹெட்லைட்டுக்குள் நீராவி, இதில் இரண்டு சேர்ந்திருந்தால் விலை பேசாமல் திரும்பி வந்துவிடலாம்.

மூன்றாவது, பின்னால் இடிபட்ட வண்டியா? டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கித் தரைத் தகட்டைப் பாருங்கள். தகடு சுருங்கி நிமிர்த்தப்பட்டிருந்தாலும், டிக்கிக் கதவின் ரப்பர் பீடிங்கை உருவினால் வெல்டிங் புள்ளிகள் தெரியாமல் பட்டி மூடியிருந்தாலும் அந்த வண்டி வேண்டாம். அந்தத் தகட்டுக்கு முன்னால்தான் உங்கள் பிள்ளை உட்காரப் போகிறது.

என்ஜினைக் குளிர்ந்த நிலையில் பாருங்கள். நீங்கள் போகும்போது பானட் சூடாக இருந்தால் முன்பே ஸ்டார்ட் செய்துவிட்டார்கள், மறுநாள் காலையில் சொல்லாமல் போங்கள். ஸ்டார்ட் செய்து ஐடிலில் விட்டு ஆயில் மூடியைத் திறந்தால் லேசான ஆவி வருவது இயல்பு. புஸ் புஸ்ஸென்று அடித்து மூடியையே தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. மூடியின் அடியில் பால் நிறத்தில் குழம்பு போல இருந்தால் கூலன்ட் ஆயிலில் கலந்திருக்கலாம். கிளட்சுக்கு, ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலேட்டரை அழுத்துங்கள். என்ஜின் சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் மாற்ற வேண்டும், அந்தச் செலவை விலையில் கழிக்கலாம். 2005 முதல் 2016 வரை வந்த பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசலில் டைமிங் பெல்ட் இருக்கிறது. அது மாற்றியதற்கான பில் இல்லையென்றால் வாங்கியவுடன் மாற்றிவிடுங்கள். ஓட்டத்தில் அறுந்தால் என்ஜினையே பிரிக்க வேண்டிவரும். கிரிஸ்டாவில் செயின்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம் தயாரானது. பட்டன் (டயரின் மேல் உள்ள மேடு) தேயாமல் இருந்தாலும் ஆறு வருடம் தாண்டியதை மாற்றிவிட வேண்டும். ஸ்டெப்னியையும் இறக்கிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் எல்லாவற்றிலும் பழையதாக இருக்கும்.

7. ஏழு பேரோடு ஓட்டிப் பாருங்கள்

டெஸ்ட் டிரைவ் என்று ஒருவரும் சேல்ஸ்மேனும் மட்டும் ஓட்டிப் பார்த்தால் இந்த வண்டியைப் பற்றி எதுவும் தெரியாது. மத்தியான வெயிலில், எல்லோரும் ஏறி, ஏசி போட்டு ஒரு மேம்பாலம் ஏறுங்கள். ஏறும்போது எத்தனை முறை கியர் குறைக்க வேண்டியிருக்கிறது? பத்து நிமிடம் கழித்துக் கடைசி சீட்டில் இருப்பவர் முகத்தில் குளிர் படுகிறதா? காற்றுத் திறப்பு எங்கே இருக்கிறது, நடு வரிசையின் மேலா, கடைசி வரிசைக்கே தனியாகவா? பழைய வண்டியில் பின் ப்ளோயர் சத்தம் மட்டும் வந்து காற்று வராமல் இருப்பது அடிக்கடி பார்க்கும் கோளாறு. வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது பின்னாலிருந்து "டக்" சத்தம் வந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது அல்லது ஷாக் போய்விட்டது. இறங்கியபின் பின் மட்கார்டு விளிம்புக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை இரண்டு பக்கமும் அளங்கள். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது.

8. பேப்பர்

ஆர்.சி.யில் ஹெச்.பி. (கடன் இருப்பதற்கான குறிப்பு) இருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் (தடையில்லாச் சான்று) படிவம் 35-உம் கைக்கு வந்த பிறகே முழுப் பணம். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு மாநில வண்டிக்குப் படிவம் 28-உம், இங்கே ஆயுள் வரியும் சேரும், அதனால் "பக்கத்து மாநிலத்தில் மலிவு" என்பதை வரியோடு கூட்டிப் பாருங்கள். 15 வருடம் முடிந்த வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்திருக்க வேண்டும். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் நிலுவை இ-சலான் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இன்சூரன்ஸை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். விற்றவரின் நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்கான தள்ளுபடி) அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது.

9. வண்டி வந்த முதல் நாள்

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் டயர் காற்றழுத்த ஸ்டிக்கர் இருக்கும். அதில் குறைந்த சுமைக்கு ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று என்று பெரும்பாலும் இரண்டு அளவு போட்டிருப்பார்கள். ஏழு பேரோடு ஊருக்குப் போகும் முன் இரண்டாவது அளவுக்கு ஏற்ற வேண்டும். இதைச் செய்யாததால்தான் பின் டயர் சூடேறி நெடுஞ்சாலையில் வெடிக்கிறது. குழந்தை சீட்டை மாட்டியபின் அடிப்பக்கத்தைப் பிடித்து உலுக்குங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் ஆடினால் கொக்கி சரியாக மாட்டவில்லை. பின்கதவின் ஓரத்திலுள்ள சைல்டு லாக்கை இரண்டு பக்கமும் போடுங்கள்.

கடைசியாக, பின்வரிசையில் உட்காரப் போகும் பிள்ளைகளுக்கு இறங்கும் வழியைச் சொல்லிக்கொடுங்கள். பல வண்டிகளில் டிக்கிக் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது, அவர்களுக்குத் தனிக் கதவும் கிடையாது. நடு சீட்டின் பின்பக்கத்திலோ தோள் பகுதியிலோ உள்ள லீவர் அல்லது பட்டையை இழுத்தால் சீட் முன்னால் மடியும். சைல்டு லாக் போட்டிருப்பதால் பக்கக் கதவு உள்ளிருந்து திறக்காது, அதனால் முன்சீட்டுப் பக்கமாகத் தாண்டி முன்கதவு வழியாக இறங்கவும் பழக்குங்கள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு, பக்கத்திலேயே நின்றுகொண்டு, பிள்ளை யார் உதவியும் இல்லாமல் பெல்ட்டைக் கழற்றி வெளியே வரும்வரை இரண்டு மூன்று முறை செய்து பார்க்கச் சொல்லுங்கள்.